விரிப்பின் மறுமுனை

நாத்தனார் விரிப்பின் மறுமுனையைக் கைவிட்டாள். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கிடையே கொடுத்து எடுத்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு, ஆவி பறக்கப் பறக்கத் தரையில் போய் விழுந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் ஆள் வழுக்கி விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். துவைத்த துணி விழுந்தால் விட்டவரைத் தொலைத்துவிடுவார்கள். தொலைப்பவள் இஸ்திரியம்மா. அந்த விரிப்பின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவளே.

"கண்ணைப் பிடரியில வச்சிருக்கியா?"

"இல்ல அண்ணி, முன்னாடிதான் இருக்கு. தெரிஞ்சேதான் விட்டேன்."

"தெரிஞ்சே விட்டியா?"

"ஆமா. நாளையிலிருந்து நான் வரல."

உருளை இயந்திரம் தன்பாட்டுக்கு அடுத்த விரிப்பை வெளியே தள்ளியது. அதைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை. பாய்லர்காரர் நெருப்பை மறந்து எட்டிப் பார்த்தார். தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"என்ன காரணம்?"

"பெருசா ஒண்ணுமில்ல. போதும்னு தோணுச்சு."

"சும்மாப் பணம் வருதுல்ல. அந்தக் கொழுப்பு."

"இருக்கும் அண்ணி," என்று இணக்கமாகவே சொன்ன நாத்தனார், விழுந்த விரிப்பை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டாள். மேசைக்கடியில் கிடந்த தன் கைப்பையை இழுத்தெடுத்துத் தூசியைத் தட்டினாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். இஸ்திரியம்மாவின் கையில் அடுத்த விரிப்பின் இரண்டு மூலைகள் இருந்தன. ஒரு விரிப்புக்கு மூலைகள் நான்கு என்பதை அவள் அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தாள்.

இஸ்திரியம்மா என்பது பெற்றோர் வைத்த பெயர் அன்று. கூடத்தில் இருந்தவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. விறைப்பானவள், சூடானவள், ஒரு சுருக்கத்தையும் பொறுக்காதவள் என்று மூன்று காரணங்களை ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. நாளடைவில் அது முதுகைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமும் வந்துவிட்டது. முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இஸ்திரி இல்லாமல் சலவைக்கூடம் ஏது?

சும்மாப் பணம் என்று ஊர் சொன்னதற்கு அரசாங்கம் வைத்த பெயர் அடிப்படை வருமானம். வேலை உள்ளவர், இல்லாதவர், உழைப்பவர், படுத்திருப்பவர் என்று பாராமல், வயதுவந்த ஒவ்வொருவர் கணக்கிலும் மாதம் பிறந்ததும் ஒரு தொகை வந்து விழும். பெருந்தொகை அன்று. கையைச் சுருக்கிச் செலவழித்தால் வாடகை போகும், அடுப்பு எரியும், அவ்வளவுதான். ஆனால் அது வருவதற்கு முன்பு ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. இனி ஒருவனும் துடைப்பத்தைத் தொடமாட்டான், குப்பை மலையாகும், ரொட்டிக் கடைகள் மூடும், வீட்டுக்கு வீடு குறட்டைச் சத்தம் கேட்கும் என்று படித்தவர்கள் வானொலியில் பேசினார்கள். படிக்காதவர்கள் பேருந்து நிறுத்தத்தில் பேசினார்கள்.

வந்தபிறகு நடந்தவை வேறு மாதிரியாக இருந்தன. குப்பை வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஓட்டுநர், மூட்டையைக் கட்டாமல் வைக்கும் வீடுகளைத் தாண்டிப் போகத் தொடங்கினார். ரொட்டிக் கடை மூடப்படவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தது. கேட்டவர்களுக்கு, "மாவுக்கும் தூக்கம் வேணும்ல?" என்று பதில் கிடைத்தது. அடுக்குமாடிக் காவலாளி, தமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் வணக்கம் வைத்தார்; அதனால் அந்த வணக்கத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுநர் மட்டும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. "வீட்டுல மாமியார் இருக்காங்க" என்பதோடு அவர் விளக்கம் முடிந்தது.

இஸ்திரியம்மாவின் கணவர் வாடகைக்கார் ஓட்டுபவர். அவர் பிற்பகல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீச்சல் பழகப் போனார். அறுபதை நெருங்கும் வயதில், நகராட்சிக் குளத்தில், பள்ளிப்பிள்ளைகளோடு. அது போதாதென்று நீச்சல் கண்ணாடியை வீட்டிலும் மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார், கண் எரியவில்லையாம்.

இஸ்திரியம்மா அந்தப் பணத்தைத் தொடவில்லை. கணக்கில் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. உழைக்காமல் வந்தது என்பதாலா, யாராவது திரும்பக் கேட்டுவிடுவார்கள் என்பதாலா என்று அவளே பிரித்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் மேசையருகே நின்றுகொண்டு, தலையணை உறைப் பெண்களில் மூத்தவளைக் கூப்பிட்டாள்.

"நீ வா. எதிர்ல நில்லு."

"ஐயோ அக்கா, வேணாமே."

"என்ன வேணாம்?"

"எனக்கு உறையே சரியா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

இளையவளைப் பார்த்தாள். இளையவள் அதற்குள் குனிந்து ஏதோ ஒரு நூலைத் தேடத் தொடங்கியிருந்தாள். பாய்லர்காரரைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதம்மா. நான் நெருப்பு ஆளு. துணியத் தொட்டா கரி ஆயிடும்."

முன்பெல்லாம் இந்தக் கூடத்தில் யாரும் இப்படிப் பேசியதில்லை. 'வா' என்றால் வந்தார்கள். முகம் சுளித்தவர்கள்கூடச் சுளித்துக்கொண்டே வந்தார்கள். இப்போது சுளிப்பும் இல்லை, வருகையும் இல்லை. பக்கத்து வீட்டில் பலகாரத்தை மறுப்பதுபோல, வயிறு நிறைந்தவர்களின் பணிவோடு மறுத்தார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். பணிவை என்ன செய்வது?

முதலாளி ஆள் தேடிப் பிடித்து ஒரு புதியவளை அனுப்பினார். உயரமானவள், கைவீச்சு உள்ளவள். மதியச் சாப்பாடுவரை மடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி இஸ்திரியம்மாவை இரண்டு நாள் அரித்தது.

"போகட்டும்!" என்றாள் முதலாளியிடம். "யாரும் வேணாம். நானே மடிக்கறேன்."

"ஒத்த ஆளா? அது ரெண்டு ஆள் விரிப்பும்மா."

"மடிக்கத் தெரிஞ்சவளுக்கு ஒண்ணு, தெரியாதவங்களுக்கு ரெண்டு."

முதலாளி எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லாதவர். அவருக்கும் மாதாமாதம் அதே தொகை வந்தது. அதில் அவர் ஒரு மீன்தொட்டி வாங்கி அலுவலக அறையில் வைத்திருந்தார். பேச்சு முற்றும் இடங்களில் எல்லாம் எழுந்துபோய் மீன்களைப் பார்த்துக்கொள்வார். இப்போதும் போனார்.

இஸ்திரியம்மா ஒரு கொக்கியைத் தேடியெடுத்தாள். பழைய பாய்லரைக் கழற்றியபோது எஞ்சிய, விரல் தடிமன் உள்ள இரும்புக் கொக்கி அது. மேசைக்கு எதிர்ச்சுவரில், தோள் உயரத்தில் அதை வைத்து, பாய்லர்காரரின் சுத்தியலால் அடித்தாள். சுவர் அதிர்ந்தது, அலுவலக அறையில் மீன்கள் பதறின. எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. கொக்கி, சுவரோடு பிறந்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது பார்க்க அழகாகவே இருந்தது. உருளையிலிருந்து வரும் விரிப்பின் இரண்டு மூலைகளைச் சேர்த்துக் கொக்கியில் மாட்டினாள். எஞ்சிய இரண்டையும் பிடித்துப் பின்னால் போய், விறைப்பாக இழுத்து, ஓர் உதறு உதறினாள். நீளவாக்கில் இரண்டு மடிப்பு. பிறகு கழற்றி மேசையில் போட்டுக் குறுக்குவாக்கில் மூன்று. கொக்கி பேசவில்லை, பெருமூச்சு விடவில்லை, 'அண்ணி, கொஞ்சம் இருங்க' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் பாய்லர்காரரிடம்.

"பாத்தேன், பாத்தேன். கொக்கிக்கும் சும்மாப் பணம் வருதான்னு மட்டும் கேட்டு வச்சுக்கம்மா. நாளைக்கு அதுவும் கழண்டுக்கப் போகுது."

அந்த வாரத் துணி முழுவதையும் கொக்கியும் அவளுமாக மடித்து முடித்தார்கள். வேன் நிறைந்தது. அந்த விரிப்புகளுக்குச் சொந்தமான விடுதிக்குப் போனது.

போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது.

"என்னய்யா, விடுதியில ஆள் இல்லையா?"

"ஆள் இருக்காங்க அக்கா. ரொம்ப நிறைய இருக்காங்க. எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் திட்டினாங்க," என்றபடி வேன் ஓட்டுநர் ஒரு விரிப்பை உதறி விரித்தார்.

அதன் மூலையில், கொட்டைப்பாக்கு அளவில், செம்பழுப்பு நிறத்தில் ஒரு துருக்கறை இருந்தது. இன்னொன்றை விரித்தார், அதிலும் அதே மூலை, அதே கறை. உருளையிலிருந்து வரும்போது விரிப்பில் ஈரம் சற்று எஞ்சியிருக்கும். அந்த ஈரமும் சூடும் சேர்ந்து, பழைய கொக்கியின் துருவை முத்திரைபோல எடுத்துக்கொண்டிருந்தன. மடிக்கும்போது அந்த மூலை உள்ளே போய்விடுவதால், ஒரு சுருக்கத்தையும் பொறுக்காத அவள் கண்ணில் ஒரு கறையும் படவில்லை. விரித்துப் படுத்தவர்களின் கண்ணில் தவறாமல் பட்டிருந்தது.

முதலாளி மீன்தொட்டியருகே நின்றபடியே செய்தியைச் சொன்னார். சனிக்கிழமை விடுதியில் மருத்துவர்களின் மாநாடு. அறைகள் எல்லாம் நிரம்பப்போகின்றன. சேமிப்பு அறையில் இருக்கும் அத்தனை விரிப்பையும் இன்று அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கறையின்றி, சரியாக மடித்துத் திரும்பவேண்டும். இல்லாவிட்டால் வேறு சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

"விடுதி போயிட்டா நமக்கு உருளை எதுக்கு?" என்றார் மீன்களைப் பார்த்து. "உருளை இல்லாட்டி மடிப்பு மேசை எதுக்கு?"

மடிப்பு மேசை இல்லாவிட்டால் இஸ்திரியம்மா எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மீன்களும் கேட்கவில்லை.

வீட்டில் கணவர் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"போய் அவளைக் கேக்கவேண்டியதுதானே."

"உங்க தங்கச்சியையா? நானா? என்னன்னு கேக்கறது?"

"ஏன் போனேன்னு."

"அதுதான் தெரியுமே. உக்காந்த இடத்துல காசு வருது, போயிட்டா."

"உனக்கும்தான் வருது. நீ போகலியே."

"நான் போயிட்டா அங்க யாரு பாப்பா?"

"சரி, எனக்கும் வருது. நான் இன்னும் காலையில காரை எடுக்கறேன். வேன்காரனுக்கு வருது, அவன் ஓட்டுறான். அந்த உறை மடிக்கிற பொண்ணுங்களுக்கு வருது, வராங்க. இத்தனை பேரு நிக்கறப்ப அவ மட்டும் போனா, பணத்தைக் கேக்காத. அவளைக் கேளு."

இஸ்திரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குளத்தில் விழுந்து நீர் குடித்ததிலிருந்து மனிதர் தெளிவாகப் பேசுகிறார் என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

"வெங்காயத்தைப் பொடிசா நறுக்குங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நாத்தனாரின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவளின் கன்னத்தில் தலையணையின் தையல் அச்சாகப் பதிந்திருந்தது.

"வாங்க அண்ணி! என்ன, கூடம் தீப்பிடிச்சிருச்சா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"வெளிச்சம் இருக்கறப்ப நீங்க வெளிய வந்து நான் பாத்ததில்லையே. உக்காருங்க."

"தூங்கினியா?"

"ஆமா."

"பட்டப்பகல்லயா?"

"பகல்லதான் அண்ணி நல்லா வருது."

இஸ்திரியம்மா நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். தையல் இயந்திரம் வந்திருக்கும், ஏதாவது வியாபாரம் தொடங்கியிருப்பாள் என்று எண்ணியிருந்தாள். ஒன்றும் இல்லை. சோபாவின் மேல் ஒரு போர்வை. அதன் மேல் கவிழ்த்து வைத்த வாரப்பத்திரிகை.

"நாள் பூரா என்னதான் பண்ற?"

"முதல் வாரம் தூங்கினேன். அடுத்த வாரம் சுவரைப் பாத்தேன். இப்ப சுவரும் பழகிப்போச்சு. போரடிக்குது."

"அப்ப வேலைக்கு வா!"

"அடிக்கட்டும் அண்ணி. என் வீட்டுல, என் சோபாவுலதானே அடிக்குது."

இஸ்திரியம்மா தொண்டையைச் செருமினாள். சுவரைப் பார்த்தாள். கையில் இல்லாத ஒரு விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். கடைசியில், கசப்பு மருந்தை விழுங்குகிறவளைப்போல, ஒரே மூச்சில் கேட்டாள்.

"ஏன் போன?"

நாத்தனார் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிரே வந்து அமர்ந்தாள்.

"மடிக்கறப்ப நீங்க எங்க நிப்பீங்க அண்ணி?"

"மேசைகிட்ட."

"நான்?"

"எதிர்ல."

"முனையைக் கொண்டாந்து சேக்கணும்னா யாரு நடந்து வர்றா?"

"நீதான்."

"நடுவுல தொங்குற மடிப்பைக் குனிஞ்சு எடுத்து உங்க கையில குடுக்கறது?"

"அதுவும் நீதான். அதுக்கென்ன இப்ப? அப்படித்தானே மடிக்கறது?"

"அப்படித்தான் நீங்க மடிக்கறது. எனக்கு அது நடக்கறது, குனியறது, திரும்பப் போறது. அப்புறம் நீங்க உதறுற உதறல்ல தோளே கழண்டுரும். நான் 'ம்'னு சொல்றதுக்குள்ள உதறிருவீங்க. விரிப்பை உதறுறீங்களா என்னை உதறுறீங்களான்னு எனக்கே சந்தேகம் வரும்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. சேந்த வருஷமே சொன்னேன். முறை மாத்தி நிப்போம் அண்ணின்னு. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இஸ்திரியம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரிந்தது.

"'நடக்கப் பிடிக்கலன்னா வாசல் அந்தப் பக்கம்'னு கையைக் காட்டினீங்க."

"அப்பவே போயிருக்கவேண்டியதுதானே?"

"எங்க போறது? அன்னைக்கு வாசலைத் தாண்டியிருந்தா வீட்டு வாடகையை யாரு குடுத்திருப்பா? இப்பத் தாண்டினாலும் வீடு இருக்கும்னு தெரிஞ்சுது. தாண்டிட்டேன்." நாத்தனாரின் கண் சிரித்தது. "வழி காட்டினது நீங்கதான் அண்ணி. நான்தான் கொஞ்சம் லேட்டாக் கிளம்பினேன்."

தண்ணீரைக் குடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. குடித்து முடித்தபின் இஸ்திரியம்மா கொக்கியைப் பற்றிச் சொன்னாள். கறையைப் பற்றிச் சொன்னாள். மாநாட்டைப் பற்றிச் சொன்னாள். கொக்கிக்கதை பாதியில் இருக்கும்போதே நாத்தனார் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஒரு கணம் ஏமாந்து, "விடு, விடு" என்றுகூட இஸ்திரியம்மா சொல்லிவிட்டாள்.

"கொக்கியா!" என்று நிமிர்ந்தவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. "எனக்குப் பதிலா கொக்கியா! என் சம்பளத்தை அதுக்கா குடுத்தீங்க?"

"வருவியா மாட்டியா?"

"வர்றேன். வாரத்துல மூணு நாள். எட்டு மணிக்கு மேல. மேசைகிட்ட நிக்கறது நான்."

"அப்ப நான்?"

"நடங்க."

"நான் அந்தப் பக்கம் போயிட்டா கூடத்தை யாரு பாக்கறது?"

"அது கட்டடம் அண்ணி. எங்கயும் போகாது. போறதெல்லாம் ஆளுங்கதான்."

இஸ்திரியம்மா எழுந்தாள். அவளுடைய வாழ்நாளில் அவளிடம் யாரும் நிபந்தனை விதித்ததில்லை. 'முடியாது' என்ற சொல்லை ஒழுங்காக உச்சரித்துவிட்டு, படியிறங்கினாள். மேலேயிருந்து குரல் வந்தது: "பாத்துப் போங்க அண்ணி. கொக்கியைக் கேட்டதாச் சொல்லுங்க!"

மறுநாள் காலை, மறுபடி துவைத்த விரிப்புகள் உருளையிலிருந்து வந்து குவிந்துகொண்டிருந்தன. மடிக்க ஆளில்லாததால் தள்ளுவண்டிகளில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். வண்டிகள் நிரம்பி, அலுவலக வாசல்வரை நின்றன. முதலாளி மீனுக்கு இரண்டாவது முறையாகத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரியம்மா மேசையருகே, தன் இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்: பாய்லர், உறைப் பெண்கள், வாசல். எதிரே ஒருவருமில்லாத இடமும் தெரிந்தது.

வேன் ஓட்டுநர் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினார்.

"இந்தாப்பா."

"சொல்லுங்கக்கா."

"போற வழியில என் நாத்தனார் வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடு."

"என்னன்னு?"

"மேசைப்பக்கம் காலியா இருக்குன்னு."

"அவ்வளவுதானா?"

"அவளுக்குப் புரியும். நீ போ."

சொன்னதோடு நிற்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், சுவர்ப்பக்கம், கொக்கிக்குக் கீழே நின்றுகொண்டாள். கூடம் அப்படியே நின்றது. தலையணை உறைகள் பாதி மடிப்பில் காத்திருந்தன. "நம்ம கூடம்தானா இது?" என்று பாய்லர்காரர் யாரையும் குறிப்பிடாமல் கேட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வராவிட்டால் எல்லாருக்கும் முன்னால் கொக்கியோடு கொக்கியாக நிற்கவேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

எட்டு மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை. எட்டைத் தாண்டி, வேண்டுமென்றே நன்றாகத் தாண்டி, நாத்தனார் வந்தாள். நேரே மேசையருகே போய், கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ம்," என்றாள்.

முதல் விரிப்பு வந்தது. ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். இஸ்திரியம்மாவின் மணிக்கட்டு பழக்கத்தில் துடித்தது; அடக்கிக்கொண்டாள்.

"உதறலாமா?" என்று கேட்டாள்.

"உதறலாம்."

ஒரே நேரத்தில் உதறினார்கள். அடித்துப் பறித்த சத்தம் இல்லை. பாய்மரத்தில் காற்றுப் புகுந்ததுபோல விரிப்பு எழுந்து அமர்ந்தது. நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு இஸ்திரியம்மா நடந்தாள். முனையை நாத்தனாரின் கையில் கொடுத்தாள்; குனிந்தாள்; தொங்கிய மடிப்பை எடுத்துத் தந்தாள்; திரும்பிப் போனாள். இதில் என்ன பெரிய கஷ்டம் என்றே தோன்றியது. ஒரு தள்ளுவண்டி காலியாகும்வரை அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு இடுப்பில் யாரோ குடிவந்தார்கள்.

நாத்தனாரோ மேசையருகே நின்றபடி முகவாயை உயர்த்தி, புருவத்தை நெரித்து, உதட்டை இறுக்கியிருந்தாள்.

"மூலை! மூலையைப் பாரு! கண்ணைப் பிடரியில வச்சிருக்கியா?"

உறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இஸ்திரியம்மா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"நான் இப்படியா மூஞ்சிய வச்சிருப்பேன்?"

"இல்ல அண்ணி," என்றார் நாத்தனாருக்கு முந்திக்கொண்டு பாய்லர்காரர், நாத்தனாரின் குரலிலேயே. "இது கொஞ்சம் சாந்தமா இருக்கு."

கூடம் சிரித்தது. பொத்திய கைகளுக்குள்ளிருந்தும் சிரிப்பு கசிந்தது. இஸ்திரியம்மாவின் உதடு ஒரு பக்கம் மட்டும் இழுபட்டது. அதை உடனே இழுத்துச் சரிசெய்துகொண்டாள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

சிறிது நேரத்தில் உறைப் பெண்களில் மூத்தவள் தன் அடுக்கை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, "அக்கா, ஒரு வண்டிக்கு நான் நடக்கறேன். நீங்க மூச்சு விடுங்க" என்றாள். கூப்பிட்டபோது மறுத்தவள், கூப்பிடாமல் வந்தாள். பிற்பகலில் இளையவள் வந்தாள். நடுவில் நாத்தனார் தானாகவே சுவர்ப்பக்கம் போய்நின்று, "நீங்க இப்படி வாங்க அண்ணி. அந்த இடுப்போட நாளைக்கு யாரு வர்றது?" என்று மேசைப்பக்கத்தை விட்டுக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை இருட்டுமுன் வேன் நிறைந்துவிட்டது. விடுதியிலிருந்து திட்டும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. அடுத்த வாரத் துணி வந்தது. சலவைத் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் வழியில் இஸ்திரியம்மா முதன்முறையாகச் சும்மாப் பணத்தில் கையை வைத்தாள். மருந்துக் கடையில் முதுகுவலித் தைலம் வாங்கினாள். இரண்டு புட்டிகள், ஒன்று நாத்தனாருக்கு.

திங்கட்கிழமை வேலை முடிவதற்கு முன்பே கைப்பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் கிளம்பினாள். முன்பென்றால், 'எங்க கிளம்பிட்ட?' என்று ஓர் அதட்டல் பறந்திருக்கும்.

"நாளைக்கு?" என்று கேட்டாள் இஸ்திரியம்மா.

"நாளைக்கு இல்ல அண்ணி. நாளை மறுநாள்."

"நிச்சயமா?"

"போரடிச்சா நிச்சயம்," என்று சிரித்தவள், "இந்த மேசைக்கடியில வச்சு வச்சுப் பையெல்லாம் ஒரே தூசி" என்று அதைத் தட்டிக்கொண்டே போனாள்.

எல்லாரும் போனபிறகு இஸ்திரியம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு கொக்கியைப் பிடுங்கப் போனாள். அசைத்தாள், இழுத்தாள், பக்கவாட்டில் தட்டிப் பார்த்தாள். அது வரவில்லை. எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்யாதவள் அடித்த கொக்கி அல்லவா?

சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு கறைபட்ட விரிப்புகளின் குவியலிலிருந்து ஒன்றை இழுத்து, கறையில்லாத பக்கமாகப் பார்த்து, நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். கொக்கியின் அடியிலிருந்து நுனிவரை, இரும்பு எங்கும் தெரியாதபடி, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்றினாள். முனையை முடிச்சிட்டாள். தன் கைப்பையை அதில் மாட்டி, எடுத்து, பையின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறை இல்லை. உயரமும் நாத்தனாருக்கு எட்டும் உயரம்தான்.

விளக்கை அணைத்தாள். நாளை மறுநாள் என்பது புதன்கிழமை.